பூட்டிய வீட்டில் ஒன்பது நாட்கள்: ஒரு ஹப்பும் அதன் கருவிகளும்

வெளியூர் போன மூன்றாம் நாள் மாலை எதிர்வீட்டுக்காரர் கைபேசியில் அழைத்தார். "நீங்கள் திரும்பி வந்துவிட்டீர்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்படியானால் உங்கள் வீட்டுக்குள் வேறு யாரோ இருக்கிறார்கள். கூடத்து விளக்கை நிமிடத்துக்கு ஒரு தரம் போடுகிறார்கள், அணைக்கிறார்கள்" என்றார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. நான் செயலியைத் திறந்து பார்த்தேன். கதவுச் சென்சார் மூன்றும் 'மூடியுள்ளது' என்றன. நடமாட்டச் சென்சார் நான்கில் ஒன்றுகூட யாரையும் பார்க்கவில்லை. கூடத்து விளக்கின் சின்னம் மட்டும் மஞ்சளானது, சாம்பல் நிறமானது, மறுபடியும் மஞ்சளானது.

வீட்டு விளக்குகளையும் சென்சார்களையும் இணைத்து, நாம் எழுதிவைக்கும் விதிப்படி நடத்தும் மையப் பெட்டிதான் ஹப். இதைப் பற்றி வாங்கிய மறுவாரமே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரமும் கொடுத்திருப்பேன். பதினான்கு மாதம் கூடவே வாழ்ந்துவிட்டு எழுதுவதால் கணக்கு வேறாகிவிட்டது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லும் குணமும் குறையும் இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஏதாவது ஓர் அளவில் இருப்பவைதான்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால்தான் என் புகார்கள் புரியும். இருபத்தொன்பது ஆண்டுகள் லிஃப்ட் பழுதுபார்த்தேன். லிஃப்டும் தானாக முடிவெடுக்கும் கருவிதான். ஒரே கட்டடத்தில் இரண்டு லிஃப்ட் இருந்தால், ஐந்தாம் தளத்தில் பொத்தானை அழுத்தியவரிடம் எது போவது என்று அவை தமக்குள் தீர்த்துக்கொள்கின்றன. அழுத்தியவருக்கு அது தெரிவதில்லை, தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் அந்தப் புத்திசாலித்தனத்துக்கெல்லாம் அடியில் சேஃப்டி சர்க்யூட் என்ற ஒரு கம்பி ஓடுகிறது. எல்லாத் தளத்துக் கதவுப் பூட்டுகளும் அதில் மாலை போலக் கோக்கப்பட்டிருக்கும். ஒரு பூட்டு சரியாக விழவில்லையென்றால் மோட்டாருக்கு மின்சாரம் போகாது. கன்ட்ரோலர் என்ன நினைக்கிறது என்பதை அந்தக் கம்பி பொருட்படுத்துவதே இல்லை. அந்தக் கம்பியைத் தேடித்தேடிப் பழகிய கண்ணோடுதான் இந்த வீட்டுக் கருவிகளையும் பார்க்கிறேன்.

பெட்டியில் வந்தவை: ஹப் ஒன்று, பல்பு ஆறு, நடமாட்டச் சென்சார் நான்கு, கதவுச் சென்சார் மூன்று, வெளிச்சமும் வெப்பமும் அளக்கும் சென்சார் ஒன்று, சுவரில் ஒட்டும் பொத்தான் ஒன்று. தரை கூட்டும் ரோபோ ஏற்கெனவே வீட்டில் இருந்தது. திரைச்சீலை மோட்டாரையும் வேறொரு நிறுவனத்தின் வைஃபை பிளக்கையும் பிறகு சேர்த்தேன். பொருத்துவது எளிது, என் மகள் அரைநாளில் முடித்துவிட்டாள். நடமாட்டச் சென்சார், உடல் வெப்பத்தின் அசைவைப் பார்க்கும் வகை. அசையாமல் உட்கார்ந்து படித்தால் இருட்டில் விட்டுவிடும். எல்லோரும் சொல்லிச் சலித்த குறை, நான் நீட்டவில்லை.

கூடத்து விளக்குக்கு வருகிறேன். வீட்டில் ஆளிருக்கும் நாட்களில் அதை நடமாட்டச் சென்சார் பார்த்துக்கொள்ளும். ஆளில்லாத நாட்களுக்காக 'வெளியூர் முறை' என்று ஒன்று உண்டு. அதில் நான் எழுதிவைத்த விதி இவ்வளவுதான்: ஜன்னலோரச் சென்சார் வெளிச்சத்தின் அளவை 50 லக்ஸுக்குக் கீழே காட்டினால் விளக்கைப் போடு, 50க்கு மேலே காட்டினால் அணை. இருட்டியதும் விளக்கு எரிய வேண்டும், விடிந்ததும் அணைய வேண்டும். பார்க்க நல்ல விதி.

பொழுது சாய்கிறது. சென்சார் 45 என்கிறது. ஹப் விளக்கைப் போடுகிறது. விளக்கின் வெளிச்சம் அதே ஜன்னலோரத்தில் விழுகிறது, ஏறக்குறைய 40 லக்ஸ். அடுத்த நிமிடம் சென்சார் 85 என்கிறது. ஹப் விளக்கை அணைக்கிறது. அதற்கடுத்த நிமிடம் சென்சார் 42 என்கிறது. ஹப் மறுபடி போடுகிறது. மூன்று கருவிகளில் ஒன்றுகூடத் தவறு செய்யவில்லை. சென்சார் கண்ட உண்மையைச் சொன்னது, ஹப் சொன்னபடி நடந்தது, விளக்கு கட்டளைக்குக் கீழ்ப்படிந்தது. வெளியே வெளிச்சம் 10 லக்ஸுக்குக் கீழே இறங்கி, விளக்கின் வெளிச்சத்தைச் சேர்த்தாலும் 50 தாண்டாது என்ற நிலை வரும்வரை இந்தச் சண்டை நடந்தது. அன்று மாலை பதினோரு மாற்றம். மறுநாள் விடியலில் அதுவே தலைகீழாக. திரும்பி வந்து ஹப்பின் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முதல் நாளிலிருந்தே காலையும் மாலையும் இந்தக் கூத்து தவறாமல் நடந்திருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் கண்ணில் பட்டது மூன்றாம் நாள்.

தவறு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரெசர் ஒரு வெப்பநிலையில் ஓடத் தொடங்கி, அதைவிடச் சற்றுக் குறைந்த இன்னொரு வெப்பநிலையில்தான் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விடாவிட்டால் அது நாள் முழுவதும் விக்கிக்கொண்டே இருக்கும். இதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். என் வீட்டு விளக்குக்கு அதைச் செய்யவில்லை. இப்போது 30க்குக் கீழே போடு, 120க்கு மேலே அணை என்று இரண்டு விதிகளாகப் பிரித்துவிட்டேன், சென்சாரையும் விளக்கின் ஒளி நேராகப் படாதபடி திருப்பிவைத்தேன். சண்டை ஓய்ந்தது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். போடவும் அணைக்கவும் ஒரே எண்ணைக் கொடுக்கும்போது, "இந்த விளக்கு இந்தச் சென்சார் இருக்கும் அறையிலேயே இருக்கிறதே, யோசித்தீர்களா?" என்று செயலி ஒரு வரி கேட்டிருக்கலாம் அல்லவா? எது எந்த அறையில் இருக்கிறது என்று பொருத்தும்போதே எழுதி வாங்கிக்கொள்கிறது. எழுதியதை அது ஒருபோதும் படிப்பதில்லை.

அதே ஒன்பது நாட்களில் கருவிகள் தமக்குள் மிக அழகாக ஒத்துப்போன இடமும் உண்டு. ரோபோ பகல் 11 மணிக்குக் கிளம்பும். நடைபாதையின் நடமாட்டச் சென்சார் முழங்கால் உயரத்தில் இருப்பதால் ரோபோவைக் கண்டால் 'ஆள்' என்று சொல்லிவிடும். அதனால், ரோபோ கிளம்பியதும் நடைபாதைச் சென்சாரின் பேச்சை ஒரு மணி நேரம் காதில் வாங்காதே என்று எப்போதோ ஒரு விதி எழுதி, எழுதியதையே மறந்திருந்தேன். எட்டு நாட்கள் ஒரு சத்தமில்லை. ஆறாம் நாள் மட்டும் பகல் 12:40க்கு 'நடைபாதையில் நடமாட்டம்' என்று எச்சரிக்கை வந்தது. ரோபோ பாதி வேலையில் பேட்டரி தீர்ந்து, போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறது. ஒரு மணி நேரக் கெடு அதற்குள் முடிந்துபோயிற்று. லிஃப்ட் கதவு மூடிவிட்டதா என்பதை நாங்கள் ஒருநாளும் நேரத்தை வைத்து முடிவுசெய்ததில்லை. பூட்டு விழுந்த பிறகுதான் வண்டி நகரும். இப்போது விதியை மாற்றிவிட்டேன்: ரோபோ தன் இருப்பிடத்துக்குத் திரும்பிவிட்டதாகச் சொல்லும்வரை சென்சாரை நம்பாதே. அதன்பின் பிழையில்லை.

இனி இந்தக் கருவிகளின் உறவுமுறை. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, விற்பனைப் பெட்டியின் மேல் ஒரு வரிகூட எழுதப்படாத பகுதியும் இதுவே.

பல்புகளும் சென்சார்களும் ஜிக்பீ என்ற நெறிமுறையில், அதாவது கருவிகளுக்கென்று வகுத்த ஒரு கம்பியில்லா மொழியில், பேசுகின்றன. தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பித் தேன் இருக்கும் திசையை நடனமாடிச் சொல்வதிலிருந்து வந்த பெயர். வைஃபை போலவே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான், ஆனால் மெதுவானது. விநாடிக்கு அதிகபட்சம் 250 கிலோபிட். 'கதவு திறந்தது' என்று சொல்ல அதற்கு மேல் எதற்கு? எல்லாக் கருவியும் ஹப்போடு நேரடியாகப் பேசுவதில்லை. மின்சாரத்தோடு நிரந்தரமாக இணைந்திருக்கும் பல்புகள் நடுவில் நின்று செய்தியைக் கைமாற்றுகின்றன. பொத்தான் பேட்டரியில் ஓடும் கதவுச் சென்சார் பெரும்பாலும் தூங்கும். கதவு அசையும்போது விழித்து, தனக்கென்று இருக்கும் ஒரு பல்பிடம் மட்டும் சேதியைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். அதற்கு ஹப்பிடமிருந்து ஏதாவது வந்தால், அந்தப் பல்பு சில விநாடிகள் மடியில் வைத்திருந்து, பிள்ளை விழித்ததும் கொடுக்கும். பிள்ளை என்று நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. நெறிமுறையிலேயே அந்தப் பல்புக்குப் பெற்றோர் என்றும் சென்சாருக்குப் பிள்ளை என்றும்தான் பெயர். பெற்றோரைத் தொலைத்த கருவிக்கு அநாதை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த உறவை நாங்கள் அறியாமல் அறுத்துக்கொண்டே இருந்தோம். சுவரில் பழைய சுவிட்ச் அப்படியே இருக்கிறது. என் மனைவி படுக்கப்போகும்போது நாற்பது ஆண்டுப் பழக்கமாக நடைபாதைச் சுவிட்சை அணைப்பாள். அணைத்ததும் நடைபாதைப் பல்பு செத்துவிடும். அதை நம்பியிருந்த வாசல்கதவுச் சென்சாரும் பின்கதவுச் சென்சாரும் அநாதையாகும். வாசல்கதவுச் சென்சார் கெட்டிக்காரக் குழந்தை. சில நிமிடத்தில் கூடத்துப் பல்பைப் பெற்றோராகப் பிடித்துக்கொண்டது. பின்கதவுச் சென்சார் பழைய பல்பையே தேடித்தேடி ஓய்ந்தது. தேடுவதற்கும் பேட்டரி வேண்டும். ஓராண்டுக்கு மேல் வரும் என்று சொன்ன பேட்டரி ஏழாம் வாரம் தீர்ந்தது. புதிதாகப் போட்டேன், அதுவும் அப்படியே. மூன்றாவது பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டுதான் காரணத்தைக் கண்டுபிடித்தேன், அதுவும் செயலியின் உதவியால் இல்லை. இரவு பத்தரைக்கு மனைவி சுவிட்சை அணைத்த 'டிக்' சத்தம் காதில் விழுந்தபோது ஹப்பின் வரைபடம் என் கையில் திறந்திருந்தது. நடைபாதைப் பல்பிலிருந்து கிளைத்த இரண்டு கோடுகளும் சில நிமிடத்தில் மறைந்துபோயின. ஒரு கோடு வேறு பல்புக்குத் தாவி மறுபடி முளைத்தது. மற்றது முளைக்கவே இல்லை.

அந்த வரைபடத்துக்கு மட்டும் தனியாக ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம். யார் யாரிடம் சொல்கிறார், எந்தக் கோடு பலவீனம் என்று காட்டுகிறது. ஆனால் அது அமைப்புகள், மேம்பட்டவை, பராமரிப்பு, நெட்வொர்க் என்று நாலு கதவு தாண்டி உள்ளே ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது. முகப்பிலோ சிரிக்கும் சூரியன் படம் போட்டு 'எல்லாம் நலம்' என்று இருக்கிறது. பின்கதவுச் சென்சார் மூன்று நாளாகப் பேசாமல் கிடந்தபோதும் அந்தச் சூரியன் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

இங்கே வைஃபை பிளக்கை ஒரு வார்த்தை பாராட்ட வேண்டும். அது எம்க்யூடிடி என்ற நெறிமுறையில் பேசுவது. 1999இல், எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் உருவாக்கியது. விட்டுவிட்டுக் கிடைக்கும், விலை உயர்ந்த இணைப்பை மனத்தில் வைத்துச் செய்ததால் அதற்குச் சாவைப் பற்றிய யோசனை பிறவியிலேயே உண்டு. கருவி இணையும்போதே ஓர் உயிலை எழுதி, செய்திகளைக் கைமாற்றும் நடுவரிடம் கொடுத்துவிடலாம்: நான் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தால், என் பெயரில் இந்தச் செய்தியை எல்லோருக்கும் அறிவித்துவிடு. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பார்த்தேன். ஒன்றரை நிமிடத்தில் ஹப்பில் 'பிளக் இல்லை' என்று சிவப்பு எழுத்து வந்தது. செத்தவன் எழுதிவைத்த கடிதத்தைப் படித்தமாதிரி இருந்தது. கதவுச் சென்சாருக்கு இப்படி ஒரு உயில் இருந்திருந்தால் எனக்கு இரண்டு பேட்டரி மிச்சம்.

அடுத்தது சோதனை. 1854இல் நியூயார்க்கின் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் லிஃப்ட் மேடை மேல் ஏறி நின்றுகொண்டு, அதைத் தாங்கும் கயிற்றை எல்லோர் முன்னாலும் வெட்டச் சொன்னார். மேடை சற்றே இறங்கிப் பிடித்துக்கொண்டது. எங்கள் தொழிலில் எந்தக் கருவியையும் முதலில் கேட்கும் கேள்வி அதுதான், கயிறு அறுந்தால் என்ன செய்வாய்? வீட்டில் மூன்று கயிறுகள் இருந்தன. ஒவ்வொன்றாக வெட்டினேன்.

முதல் கயிறு, இணையம். ரவுட்டரை வெளியுலகத்திலிருந்து துண்டித்து இரண்டு நாள் விட்டேன். விளக்குகள், சென்சார்கள், பொத்தான் எதிலும் மாற்றமில்லை. விதிகள் ஹப்புக்குள்ளேயே ஓடுகின்றன. சூரியன் மறையும் நேரத்தைக்கூட ஹப் இருப்பிடத்தையும் தேதியையும் வைத்துத் தானே கணக்கிடுகிறது. இதற்காகவே இந்த ஹப்பைப் பரிந்துரைப்பேன். தடுமாறியது ரோபோவின் ஏற்பாடு. ரோபோ தன் நினைவில் இருந்த அட்டவணைப்படி 11 மணிக்குக் கிளம்பிவிட்டது. ஆனால் கிளம்பிய சேதி ஹப்புக்கு வரவில்லை. ரோபோ நிற்பது ஹப்புக்கு ஆறடி தள்ளி. அந்த ஆறடியைக் கடக்க, அதன் சேதி ரோபோ நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து ஹப் நிறுவனத்தின் சர்வருக்குப் போய், பிறகு வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு கடிதம் எழுதித் தபாலில் போடும் இரண்டு பேர். 2020 நவம்பர் 25 அன்று அமேசானின் சர்வர்த் தொகுதி ஒன்று தடுமாறியபோது எங்கெங்கோ இருந்த வீடுகளில் தரை கூட்டும் ரோபோக்களும் வாசல் மணிகளும் தம் செயலிக்குப் பதில் சொல்லாமல் நின்றது இந்தக் காரணத்தால்தான்.

இரண்டாவது கயிறு, ஹப். அதன் மின்கம்பியை உருவினேன். விதிகள் எல்லாம் நின்றுவிட்டன, எதிர்பார்த்ததுதான். படுக்கையறைப் பொத்தான் மட்டும் விளக்கைப் போட்டது, அணைத்தது. நான் ஒரு கணம் திகைத்தேன். மகள் பொருத்தும்போது அந்தப் பொத்தானை நேராக அந்தப் பல்போடு பிணைத்திருக்கிறாள். பிணைப்பு என்பது இந்த நெறிமுறையில் உள்ள வசதி. பொத்தான் ஹப்பிடம் அனுமதி கேட்காமல் பல்பிடமே சொல்லிவிடும். "எல்லாவற்றையும் இப்படியே செய்திருக்கலாமே?" என்று கேட்டேன். "செயலியில் ஒரே ஒரு இடத்தில்தான் அந்த வசதி இருக்கிறது அப்பா, அதையும் பாதிக் கருவிகள் ஏற்பதில்லை" என்றாள். கழிப்பறை விளக்குக்கும் மாடிப்படி விளக்குக்கும் உடனே இன்னும் இரண்டு பொத்தான் வாங்கிப் பிணைத்துவிட்டேன். நான் தேடிய சேஃப்டி சர்க்யூட்டுக்கு இந்த வீட்டில் அதுதான் மிக நெருக்கம்.

மூன்றாவது கயிற்றை நான் வெட்டவில்லை, அதுவாகவே அறுந்தது. ஒரு நள்ளிரவு மின்சாரம் போய், இரண்டு மணிக்குத் திரும்பி வந்தது. ஆறு பல்புகளும் ஒரே நேரத்தில் முழு வெளிச்சத்தில் எரிந்தன. ஹப் விழித்து ஆளைத் தேட ஒன்றரை நிமிடம் ஆயிற்று. அதுவரை வீடு கல்யாண மண்டபம்போல் இருந்தது; மனைவி எழுந்து உட்கார்ந்து, "இதற்குத்தான் தானியங்கி என்று பெயரா?" என்று கேட்டாள். லிஃப்டின் பிரேக்கை ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும், மின்சாரம்தான் அதை விடுவிக்கும். மின்சாரம் போனால் பிடி. அந்த ஒழுங்கில் வளர்ந்தவனுக்கு, மின்சாரம் வந்தால் முழுதாக எரி என்பது பொறுப்பற்ற ஏற்பாடாகப் பட்டது. மகள் அதற்கும் ஒரு நியாயம் சொன்னாள்: ஹப் செத்துப்போன வீட்டில் சுவர் சுவிட்சை ஒரு முறை அணைத்துப் போட்டால் விளக்கு நிச்சயம் எரிய வேண்டும், அதற்காகத்தான் இப்படி. யோசித்தேன். சரிதான், இருட்டில் தடுக்கி விழுவதைவிடக் கண் கூசுவது மேல். நான்கு பல்புகளை 'முன்பிருந்த நிலை' என்று மாற்றிவிட்டு, மாடிப்படிப் பல்பையும் கழிப்பறைப் பல்பையும் அப்படியே விட்டேன்.

திரைச்சீலை மோட்டார் வந்தது எதிர்வீட்டுக்காரர் சம்பவத்துக்குப் பிறகு. அது மேட்டர் என்ற பொது நெறிமுறைக் கருவி. அமேசான், ஆப்பிள், கூகுள், ஜிக்பீ கூட்டமைப்பு ஆகியவை 2019 டிசம்பரில் கூடித் தொடங்கிய முயற்சி. முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. எந்த நிறுவனத்தின் கருவியும் எந்த நிறுவனத்தின் ஹப்போடும் வெளி சர்வர் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே பேசலாம் என்பது வாக்குறுதி, அந்த அளவில் வாக்குக் காப்பாற்றப்பட்டிருக்கிறது. குறியீட்டைக் கைபேசியால் படித்ததும் ஒரு நிமிடத்தில் சேர்ந்தது. ஒரே கருவி இரண்டு எஜமானர்களிடம் சேரலாம் என்ற சலுகையும் உண்டு. நான் ஹப்பிலும், மனைவி தன் கைபேசியிலிருந்த வேறொரு செயலியிலும் அதைச் சேர்த்துவைத்தோம். காலை ஏழு மணிக்கு என் ஹப் திரையைத் திற என்றது. அதே ஏழு மணிக்கு, வெயில் கண்ணில் படுகிறது என்று அவள் எழுதிவைத்த விதி மூடு என்றது. மோட்டார் ஒரு சாண் திறந்து, நின்று, முனகி, மூடியது. யார் கடைசியாகச் சொன்னாரோ அவர் சொல்தான் செல்லும். ஹப்புக்கு இன்னொருவர் இருப்பதே தெரியாது. நானோ ஒரு வாரம் மோட்டாரின் பல்சக்கரத்தைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். மனைவி எதேச்சையாக, "நான்தான் மூடச் சொல்லியிருக்கிறேனே" என்றாள்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. 2016 அக்டோபர் 21 அன்று, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாத கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் மிராய் என்ற நச்சுநிரல் ஒன்றுதிரட்டி, இணையதளங்களின் முகவரியைத் தேடிக்கொடுக்கும் டின் என்ற நிறுவனத்தின் மேல் ஏவியது. பெரிய இணையதளங்கள் பல மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. வீட்டுக்காரர்களுக்குத் தம் கேமரா அன்று எங்கே வேலைக்குப் போனது என்பதே தெரியாது. அதே ஆண்டு இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தாரும் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தாரும், ஒரு வகைப் பல்பிலிருந்து பக்கத்துப் பல்புக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று ஜிக்பீ வழியாகவே தொற்று பரவ முடியும் என்று செய்து காட்டினார்கள். அந்த ஓட்டையை நிறுவனம் அடைத்துவிட்டது. கருவிகளின் உறவு நெருங்கினால் நோயும் நெருங்கும். இந்த ஹப் முதல் நாளே கடவுச்சொல்லை மாற்றினால்தான் உள்ளே விடுகிறது, அது நல்லது. மென்பொருள் புதுப்பிப்பை இரவில் தானே செய்துகொள்கிறது, அதுவும் நல்லதே. ஆனால் ஒரு முறை புதுப்பித்தபின் நடமாட்டச் சென்சார்களின் காத்திருப்பு நேரத்தையெல்லாம் பழைய எண்ணுக்கு மாற்றிவிட்டு, அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ரோபோவையும் பிளக்கையும் ரவுட்டரின் விருந்தினர் இணைப்பில் தனியாக வைத்திருக்கிறேன். அதற்காகப் பிளக்கை ஹப்போடு பேசவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று.

எனக்கு உண்மையில் கோபம் இருப்பது பதிவேட்டின் மேல்தான். 'கூடத்து விளக்கு எரிந்தது 18:21' என்று எழுதுகிறது. யார் சொல்லி எரிந்தது? எழுதுவதில்லை. விதியா, பொத்தானா, செயலியா, மின்சாரம் திரும்பி வந்ததா, எல்லாம் ஒரே வரி. என் காலத்து லிஃப்ட் கன்ட்ரோலரின் சின்னத் திரையில் இரண்டு இலக்கம்தான் தெரியும். ஆனால் அந்த இரண்டு இலக்கத்தை வைத்து, மூன்றாம் தளத்துக் கதவுப் பூட்டு ஒட்டவில்லை என்று படி ஏறாமலே சொல்லிவிடுவோம். மனிதன் இல்லாத இடத்தில் ஒரு கருவி முடிவெடுத்தால், பிறகு வரும் மனிதனுக்கு அது காரணத்தை விட்டுவைக்க வேண்டும். இந்த ஹப்போ பத்து நாளுக்கு மேற்பட்ட பதிவுகளை அழித்தும் விடுகிறது. நாங்கள் ஒன்பது நாளில் திரும்பினோம், பிழைத்தோம்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வாங்கலாம். விதிகள் வீட்டுக்குள்ளேயே ஓடுவதற்காகவும், பிணைப்புக்காகவும், அந்த வரைபடத்துக்காகவும் மூன்றரை நட்சத்திரம். சென்சார்களின் பேட்டரியை மாற்ற நேரமில்லாதவர்கள் வேண்டாம். வீட்டில் இரண்டு பேர் விதி எழுதுவதாக இருந்தால் முதலில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். சுவர் சுவிட்சுகளுக்கு மேல் மாட்டும் பிளாஸ்டிக் மூடியையும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், அது பெட்டியில் வராது. மூடி வந்துசேரும்வரை, லிஃப்ட் மோட்டார் அறையில் நான் பயன்படுத்திய பழைய அட்டை ஒன்றை நடைபாதைச் சுவிட்சில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன்: 'வேலை நடக்கிறது, தொடாதீர்'. இரண்டு நாள் தொங்கியது. மூன்றாம் நாள் காலை அது ஹப்பின் மேல் தொங்கியது.